புலி சாப்பிட்டாச்சா?

1

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா பிள்ளைகளுக்கும், அவர்களோடு நூலகத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகும் மற்றப் பிள்ளைகளுக்கும், பெங்களூரிலிருந்து முருகேசன் மாமா எழுதுவது.

போன வாரம் வீடியோ காலில் நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினீர்கள். "மாமா, நெஜமாவே பல்லி வளக்குறீங்களா? நம்ம ஊட்டு செவுத்துல சும்மாவே கீதே!" நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அப்புறம் யோசித்தேன். இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதிவிடலாம்.

நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் நூலகத்து டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் பல்லியைப் பற்றிய விஷயத்தில் பிழை இருக்காது. ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் எழுதி முடித்ததும் என் மகள் தர்ஷினிக்குப் படித்துக் காட்டுகிறேன். அவளே படித்துக்கொள்ள முடியாது. ஆறாவது படிக்கிறாள், பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும் ஹிந்தியும் இருக்கிறது, தமிழ் வாயோடு சரி. அவளைப் பற்றி எழுதியதை அவளுக்கே நான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இது ஒரு பக்கம் வருத்தம்தான். ஆனால் அவள் குறுக்கே குறுக்கே, "அப்பா, அது அப்பிடி இல்ல, மாத்து" என்று சொல்லும்போது, பரவாயில்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும்.

2

நாங்கள் இருப்பது லிங்கராஜபுரத்தில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு. தர்ஷினிக்கு நாய் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டு ஓனர் சரோஜம்மா, குடி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: நாய் கூடாது, பூனை கூடாது, கிளிகூடக் கத்தும், அதனால் அதுவும் கூடாது. பல்லியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்?

நான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். அங்கே ஐந்தாவது மாடியில் ரோஹித் சார் என்று ஒருவர் இருந்தார். வேலை மாறி ஜெர்மனிக்குப் போகிறார். ஃபேன் கழற்ற என்னைக் கூப்பிட்டார். போனால், கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என் நடுவிரல் தடிமனில் ஒரு பல்லி. பழுப்பும் சந்தன நிறமுமாகப் பட்டை பட்டையாக இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது. பிள்ளைகளே, இதை நன்றாகக் கவனியுங்கள். நம் வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது, சந்தேகம் இருந்தால் இன்றைக்கே சுவரில் போய்ப் பாருங்கள். இதற்கு இமை இருக்கிறது. இமைக்கிற ஒரு பல்லியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"யாராச்சும் நல்லா பாத்துக்கிட்டா குடுத்துட்டுப் போயிடுவேன், முருகேஷ்" என்றார். நான் தர்ஷினிக்குப் போன் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி, அடியில் வைக்கும் வெப்பத் தகடு, பல்லி எல்லாம் ஆட்டோவில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. அவர் அதற்கு டைகர் என்று பேர் வைத்திருந்தார். என் மனைவி செல்வி, "இந்த ஒடம்புக்கு டைகரா?" என்று சிரித்துவிட்டு, அன்றிலிருந்து புலி என்றே கூப்பிடுகிறாள்.

சரோஜம்மா மேலே வந்து பார்த்தார். அவர் கன்னடக்காரர், பல்லியை ஹல்லி என்பார். "ஹல்லிதானே? செவுத்துல இருக்கிறது எல்லாம் வாடகை குடுக்காமதான் இருக்குது. இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

3

இது ஆப்பிரிக்கா தேசத்துப் பல்லி. வாங்கி வளர்ப்பதற்கென்றே முட்டையிலிருந்து வளர்க்கப்பட்டது. காட்டிலிருந்து பிடித்தது இல்லை. நீங்கள் உடும்பு, ஓணான் என்று எதையும் பிடித்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அது குற்றம், அதைவிடப் பாவம்.

வெளிநாட்டுப் பிராணிகள் சிலவற்றை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நமக்கெதற்கு வம்பு என்று பிரவுசிங் சென்டருக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த அக்கா முதலில் என் ஆதாரைக் கேட்டார், பிறகு பல்லியின் முழுப் பெயரைக் கேட்டார். நான் புலி என்றேன். "அண்ணா, பல்லியா புலியா, ஒண்ணு சொல்லுங்க. புலின்னு போட்டா ஃபாரஸ்ட்காரங்க வந்துடுவாங்க" என்றார். கடைசியில் தர்ஷினிதான் போனில் அதன் லத்தீன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் செல்வி, "நம்ம ரேஷன் கார்டுல இன்னும் பழைய விலாசம்தான் இருக்கு. பல்லிக்கு மொதல்ல அட்ரஸ் புரூஃப் வந்துடும் போல" என்றாள்.

இதன் வால்தான் விசேஷம். மரவள்ளிக் கிழங்கு மாதிரி தடிப்பாக இருக்கும். அதுதான் இதன் சாப்பாட்டு டப்பா. சாப்பிடுவதில் மிஞ்சியது எல்லாம் கொழுப்பாக வாலில் சேரும். இரை கிடைக்காத நாட்களில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வால் தடிப்பாக இருந்தால் பல்லி சுகம். மெலிந்தால் ஆபத்து.

இரை என்ன தெரியுமா? உயிருள்ள புழு. சிவாஜிநகரில் பறவை, மீன் விற்கும் கடை ஒன்றில் தவிட்டோடு டப்பாவில் போட்டு விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அரிசியில் ஒரு புழு இருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவன், இன்றைக்குப் புழு நன்றாக நெளிகிறதா என்று திறந்து பார்த்து வாங்குகிறேன்.

முதல் நாள் புழுவை வைத்தோம். புலி பார்த்தது. இமைத்தது. ஒளிந்துகொள்வதற்காகப் பெட்டிக்குள் வைத்திருந்த சின்ன டப்பாவுக்குள் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

4

நம் வீட்டுக்கு யாராவது வந்து சாப்பிடாமல் இருந்தால் நம்மால் சும்மா இருக்க முடியுமா? அதுதான் நடந்தது.

ரோஹித் சார் போகும்போது, கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். நாங்கள் தொடவே இல்லை. ஆனால் பெட்டியைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். புது ஆள் வந்தால் நடுக்கூடத்தில் உட்கார வைப்பதுதானே மரியாதை. தர்ஷினி காலையில் பல் தேய்க்கும்போதே பிரஷ்ஷோடு வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். செல்வி போகும்போதும் வரும்போதும், "சாப்பிடேன்டா கண்ணு, எதுக்கு வெக்கப்படுறே?" என்று குனிந்து சொல்லிவிட்டுப் போவாள். நான் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் முதலில் வாலைப் பார்ப்பேன்.

தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். "எங்க ஜிம்மி சாப்பிடாதப்போ இதுதான் குடுத்தேன், பிரதர்." ஜிம்மி அவர் வீட்டு நாய். பல்லி முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா பெட்டி மேல் கைவைத்து, இந்தச் சிறு ஜீவனுக்குப் பசியைத் தாரும் ஆண்டவரே என்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். சரோஜம்மா ஒரு மூடியில் பால் கொண்டுவந்தார். பல்லி பால் குடிக்காது என்று தர்ஷினி சொன்னாள். "குடிக்காதுன்னு யாரு சொன்னது? குடுத்துப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, பெட்டி மூலையில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

நான் மாடிப்படி இறங்கினாலே கேள்விதான். நம் ஊரில் "சாப்டாச்சா?" என்று கேட்பது போல இங்கே கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பார்கள். இத்தனை வருஷமாக என்னைக் கேட்டவர்கள், இப்போது என்னை விட்டுவிட்டார்கள். "புலிக்கு ஊட்டா ஆய்த்தா, முருகேஷு?" என்றுதான் சரோஜம்மா கேட்கிறார். காய்கறி வண்டிக்காரரும் கேட்கிறார்.

இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

5

ஒரு நாள் சாயங்காலம் தர்ஷினி கூப்பிட்ட குரலே சரியில்லை. "அப்பா, டெயில் பாரு."

வாலின் அடிப்பகுதியில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது.

நான் எலக்ட்ரீஷியன் புத்தியில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஆவணி மாதத்துத் தூறல், குளிர் அதிகம். வெப்பத் தகடு வேலை செய்கிறதா என்று பார்த்தேன். சூடு சரியாகத்தான் இருந்தது. ஈரமான தேங்காய் நார் வைத்த டப்பாவும் காயவில்லை. புழு பெரிதாக இருக்கிறதோ என்று சின்னதாகப் பொறுக்கி வைத்தோம். தர்ஷினி இடுக்கியில் பிடித்து அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள். அது இரண்டு எட்டு பின்னால் போனது.

ரோஹித் சாருக்கு வீடியோ அனுப்பினோம். அவரும் கவலைப்பட்டார். ஒயிட்ஃபீல்டில் அவருடைய நண்பர் ஒருவர் பல வருஷமாக இந்த மாதிரிப் பல்லிகள் வளர்க்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார், அவரிடமே இருந்துவிடட்டும், அதுதான் புலிக்கு நல்லது என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. செல்வியும், "நம்ம வீட்ல ஒரு உசுரு பட்டினியா போவக்கூடாதுங்க" என்றாள். தர்ஷினி கன்னட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே வரியை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நீ ஃபர்ஸ்ட் பெங்களூர் வந்தப்போ சாப்பிட்டியா?"

6

நல்ல கேள்வி. யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் முதலில் வந்து இறங்கியது அல்சூரில், தூரத்துச் சொந்தமான ஒரு சித்தப்பா வீட்டில். நல்ல மனிதர்கள். எனக்காகக் கறி எடுத்துச் சமைத்திருந்தார்கள். தட்டு வைத்து என்னை மட்டும் உட்கார வைத்துவிட்டு, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். ஊரிலிருந்து வந்த பையன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்க்க. சாம்பார் வேறு இனித்தது. இந்த ஊரில் சாம்பாருக்கு வெல்லம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கவளத்துக்கும் சித்தி, "இன்னா, எங்க ஊட்டு சாப்பாடு புடிக்கலையா?" என்பார். பசி உயிர் போகிறது, தொண்டையில் இறங்கவில்லை.

"அப்புறம்?" என்றாள் தர்ஷினி.

"ஒரு வாரம் அப்படித்தான். கடை வீதியில போயி பன்னும் டீயும் சாப்பிடுவேன்."

"அங்க யாரும் பாக்கலையா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரு யாரைப் பாக்குறாங்க?"

அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, நாமதான். நாமதான் அதைச் சாப்பிட விடலை."

"நாம தொடவே இல்லையே?"

"தொடலை. ஆனா பாத்துக்கிட்டே இருக்கோம். எல்லாரும். அதுக்கு நாம எவ்ளோ பெருசு தெரியுமா? உன்னைச் சுத்தி பத்து யானை நின்னு, சாப்பிடு சாப்பிடுன்னு சொன்னா?"

செல்வி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "யம்மா, காலையிலேர்ந்து நான்தான் அதிகமா சொன்னேன்" என்றாள்.

7

சாப்பிட்டு முடித்ததும் பெட்டியை உள் அறையில், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் மூலைக்கு மாற்றினோம். நான்கு பக்கமும் பழைய போர்வைத் துணியைச் சுற்றினோம். காலையில் ஒருமுறை தண்ணீர் மாற்ற மட்டும் திறப்பது, மற்றபடி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இது தர்ஷினி போட்ட சட்டம்.

சட்டம் போடுவது சுலபம். மறுநாளே சரோஜம்மா ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு புலியைப் பார்க்க வந்துவிட்டார். நான் வாசலில் நின்று, "இப்போ பாக்க முடியாதும்மா, யாரும் பாக்காம இருந்தாத்தான் சாப்பிடுமாம்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ என் கண்ணு பட்டுத்தான் சாப்பிடலைன்னு சொல்றியா? பொட்டு வெச்சதே நானு. என் கண்ணு கெட்ட கண்ணா, முருகேஷு?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

பிள்ளைகளே, ஒருவரிடம் பார்க்காதீர்கள் என்று சொல்வதைப் போல மோசமான வார்த்தை நம் ஆட்களிடம் வேறு கிடையாது. நான் பின்னாலேயே போய் என்னென்னவோ சொன்னேன். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். பேசப் பேசக் கெட்டது. அப்போது தர்ஷினி இறங்கி வந்தாள். நல்ல கன்னடத்தில், எனக்கு வராத அந்தச் சுத்தமான கன்னடத்தில், அவரிடம் என்னவோ சொன்னாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நானும் பார்ப்பதில்லை ஆன்ட்டி, எனக்குத்தான் ரொம்பப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்விடுவார்கள்.

சரோஜம்மா அவள் தலையைத் தடவினார். என்னைப் பார்த்துத் தமிழில், "இவளை மாதிரி சொல்லத் தெரியாதா உனக்கு?" என்றார். "நான் பாக்கல்ல, போ. ஆனா டெய்லி கேப்பேன். கேக்கறதுக்குமா சட்டம்?"

அதிலிருந்து சாயங்காலம் ஆனால் கீழேயிருந்து குரல் வரும். "ஊட்டா ஆய்த்தா?"

8

சனிக்கிழமை காலையில் தண்ணீர் மாற்றத் துணியை விலக்கினால், புழுக் கிண்ணம் காலி! தர்ஷினி கட்டில் மேல் ஏறிக் குதித்தாள். செல்வி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். எனக்குச் சந்தேகம். கிண்ணத்தை மெதுவாகத் தூக்கினேன். அடியில் விரித்திருந்த தாளுக்குள் புழுக்கள் சுருண்டு படுத்திருந்தன. இருட்டைத் தேடித் தப்பித்துப் போயிருக்கின்றன.

புலி தன் டப்பாவுக்குள் இருந்தது. வால் நுனி மட்டும் தெரிந்தது. தடிப்பா மெலிவா என்று அதைவைத்துச் சொல்ல முடியவில்லை.

தர்ஷினி புழுக்களைத் திரும்பவும் கிண்ணத்தில் போட்டாள். வழவழவென்று உட்பக்கம் இருக்கிற பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றினாள், ஏற முடியாதபடி. துணியைச் சரியாக இழுத்துவிட்டாள். பிறகு, "அப்பா, அந்த அங்கிள் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாரு?" என்றாள். பத்து மணி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

9

ஞாயிற்றுக்கிழமை. ஒயிட்ஃபீல்டுக்காரர் கிளம்பிவிட்டேன் என்று போன் செய்துவிட்டார். பெட்டியைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று நான் ஈரத்துணியோடு போனேன். தர்ஷினி போர்வையை விலக்கினாள்.

கிண்ணத்தில் புழுக்கள் இருந்தன. குறைந்திருக்கிறதா என்று தெரியவில்லை, நேற்று எத்தனை போட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. நான் மூலையில் கிடந்த ஏதோ அழுக்கைத் துடைக்கக் கையை நீட்டினேன்.

"அப்பா! தொடாதே!"

கறுப்பாக, ஒரு அரிசி அளவு. நுனியில் வெள்ளை.

"இது கக்கா, அப்பா! புதுசு! நேத்து இல்ல! சாப்பிடாம எப்பிடி வரும்?"

பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரு பல்லி எச்சத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தோம். தர்ஷினி அதைப் போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினாள். "எல்லாரும் சாப்பாட்டைத்தான் போட்டோ எடுப்பாங்க" என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கே விடிந்தும் விடியாத நேரம். ஆனாலும் ரோஹித் சார் உடனே கூப்பிட்டார். ரொம்ப நல்ல எச்சம், ரெண்டு மூணு நாளாகச் சாப்பிடுகிறது, நீங்கள் பார்க்காததால் தெரியவில்லை என்றார். ஒயிட்ஃபீல்டுக்காரருக்கு அவரே சொல்லிவிட்டார். அவர் வழியில் டின் ஃபேக்டரி சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாராம், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

தர்ஷினி மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஆன்ட்டி! ஊட்டா ஆய்த்து!" கீழே சரோஜம்மா கைதட்டியது எனக்குக் கேட்டது.

இனிமேல் முன்பக்கத் துணியை மட்டும் எடுத்துவிடலாம், ஆனால் உற்றுப் பார்க்க வேண்டாம், மனிதர்கள் இருப்பது அதற்கு மெல்லப் பழகட்டும் என்று ரோஹித் சார் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் எடுத்தோம். தர்ஷினி பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நானும் பக்கத்தில் அதே மாதிரி உட்கார்ந்து உங்களுக்கு இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வெளியே தூறல். லைட் போடவில்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

பின்னால் தாள் சரசரத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து மெல்லிசாக, வறுத்த பொரியை யாரோ தூரத்தில் மெல்லுவது போல, நறுக், நறுக்.

தர்ஷினியின் பென்சில் நின்றுவிட்டது. கண் இரண்டும் விரிந்து என்னைப் பார்க்கிறாள். இத்தனை நாளாக அவள் பார்க்க ஏங்கியது ஒரு முழம் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது.

"அப்பா," மூச்சுக்குள்தான் கேட்டாள், "திரும்பட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம்" என்றாள். "சாப்பிடட்டும்."